இரும்பறியாக் கலங்கள்: தென்கிழக்காசியக் கப்பற் கட்டுமானமும் அதன் சொல்வழக்கும்

நடு யாவாவிலுள்ள பொரோபுதூர்த் தூபி, சைலேந்திர மரபினர் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டை ஒட்டி எழுப்பப்பட்டது. அதன் சுவர்ச் சிற்பங்களிடையே பதினொரு மரக்கலங்கள் காணப்படுகின்றன. 1912 இல் இந்தியக் கப்பற்றுறையின் வரலாற்றை எழுதிய இராதாகுமுத் முகர்ஜி, இவற்றை யாவாவிற் குடியேற வந்த இந்தியரின் கப்பல்களாகவே கொண்டார். இந்தியர் கடலை அறியாதவர் என அந்நியர் கூறிய காலத்தில் எழுந்த நூல் அது. அதன் நோக்கம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயின், ஒரு பழிக்கு விடையாகக் கூறப்பட்டது பின்னர் வரலாற்று உண்மையாக நிலைபெற்றது. 1920களின் பிற்பகுதி முதல் மஜும்தார் முதலியோர் தென்கிழக்காசிய அரசுகளை இந்தியக் ‘குடியேற்றங்கள்’ என்றே வழங்கினர். கடலைக் கடந்தோர் இந்தியர், கரையில் நின்று கற்றுக்கொண்டோர் அந்நாட்டு மக்கள் என்னும் காட்சி இவ்வாறு உருவாயிற்று. 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைப் பள்ளிப் பருவம் முதலே கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர்க்கும் இக்காட்சி இனிமையானதாகவே இருந்துவந்துள்ளது.

வரலாற்றாசிரியனை விடுத்து, ஓர் ஓடாவி இச்சிற்பங்களை நோக்குவானாயின் வேறு சில செய்திகளைக் காண்பான். பெரிய கலங்கள் ஐந்தின் இரு மருங்கும் பக்க மிதவைகள் உள்ளன. பாய்மரம் ஒற்றைக் காலுடையதன்று. இரண்டு அல்லது மூன்று கால்களை மேலே ஒன்றுகூட்டிக் கட்டியது. பாய் நாற்சதுரமாயினும் அணியத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றது. பின்புறத்தில் இரு பக்கமும் சுக்கான் துடுப்புகள் தொங்குகின்றன. இவை யாவும் மலாய்த் தீவுக்கூட்டத்திலும் அதன் கிழக்கிலும் அண்மைக்காலம் வரை வழங்கிய அமைப்புகளாகும். சிற்பி செதுக்கிய கதை இந்தியாவிலிருந்து வந்தது. கலமோ அவன் தன் துறைமுகத்திற் கண்டது. இச்சிற்பங்களை ஆதாரமாகக் கொண்டு கங்கெயான் தீவுக்கூட்டத்தில் மரபுவழித் தச்சர் கட்டிய ஒரு கலம், 2003ஆம் ஆண்டு யாக்கார்த்தாவிலிருந்து புறப்பட்டு 2004 இல் மேற்காபிரிக்கக் கானாவின் அக்ராத் துறைமுகத்தை அடைந்தது.

எனினும், ஒரு படத்தை மட்டும் வைத்து வாதிடுதல் முகர்ஜி செய்த தவற்றையே மறுபக்கத்தாற் செய்வதாகும். இத்துறையில் நெடுங்காலம் உழைத்த பிரான்சிய அறிஞர் பியேர்-ஈவ் மாங்கன், பெருவணிகக் கலங்களுக்குப் பக்க மிதவை இருந்ததில்லை எனக் கருதுவார். ஆகவே சிற்பத்தை விட்டு மரத்தையும், மரத்தோடு சொல்லையும் ஆராய்தலே பொருத்தமானது.

கப்பல் கட்டும் முறைகளைப் பெரும்பான்மை பற்றி இரண்டாகப் பகுக்கலாம். ஏராவை இட்டு, அதன்மீது வங்குகளை நிறுத்தி, அவ்வென்புக்கூட்டின் மேற் பலகைகளைப் போர்த்துதல் ஒன்று. பிற்கால ஐரோப்பியப் பெருங்கப்பல்கள் இவ்வாறு கட்டப்பட்டவை. ஏராவிலிருந்து பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்போடு விளிம்பு பொருத்தி உடலை முதலில் ஆக்கி, பின்னரே வங்குகளை உள்ளே செலுத்துதல் மற்றொன்று. தென்கிழக்காசிய முறை இதுவாகும். இவ்வேறுபாடு வேலை ஒழுங்கு பற்றியது மட்டுமன்று. முன்னதிற் கலத்தின் வடிவை வங்கு தீர்மானிக்கின்றது; பின்னதிற் பலகையே தீர்மானிக்கின்றது. எனவே பலகையை அறுத்து வளைத்தாற் போதாது. வேண்டிய வளைவு முழுவதும் மரத்திலேயே இருக்குமாறு வாய்ச்சியாற் செதுக்கி எடுத்தல் வேண்டும்.

அவ்வாறு செதுக்கும்போது பழைய தச்சர் செய்த ஒரு வேலையே இம்மரபின் அடையாளம் எனலாம். பலகையின் உட்புறத்தில், குறித்த இடைவெளிகளில், நீள்சதுரப் புடைப்புகளை வெட்டாமல் விட்டனர். அப்புடைப்புகளிற் கயிறு நுழையத் துளையிட்டனர். இதனைப் பிலிப்பைன்சு, இந்தோனேசியத் தொல்லியலாளர் ‘தம்புக்கோ’, ‘தம்புக்கு’ என்பர். இந்தோனேசிய மொழியிற் ‘காது’ எனப் பொருள்படும் சொல்லாலும் இதனைச் சுட்டுவதுண்டு. பலகைகள் அடுக்கப்பட்டதும் காதுகள் ஒரே வரிசையில் அமையும். அவ்வரிசைக்குக் குறுக்காக வங்கினை வைத்துக் காதுகளோடு சேர்த்து இறுகக் கட்டுவர். கயிறு ‘ஈஜுக்’ எனப்படும் கருநாராலானது. கித்துளைப் போலப் பாளையிலிருந்து இனிய பதநீர் தரும் ஒரு பனையின் நார் அது. உப்புநீரில் எளிதில் மக்காதது. பலகையும் பலகையும் சேரும் விளிம்புகளில் மர ஆணிகளும், அவற்றோடு இடைவிட்ட தையலும் உண்டு. தையலுக்கான துளை பலகையின் உள்முகத்திற் தொடங்கி விளிம்பிலே முடிவதால், வெளியிலிருந்து நோக்குவோர்க்குக் கயிறு தோன்றாது. அராபியக் கடலில் வழங்கிய தைத்த கலங்களில் தையல் பலகையை ஊடுருவித் தொடர்ச்சியாகச் செல்லும். இவ்வொரு வேறுபாட்டைக் கொண்டே, கடலடியிற் கிடைத்த பலகைத் துண்டு எம்மரபினது எனத் தொல்லியலாளர் துணிய முடிகின்றது. 1998 இல் பெலித்தோங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கலம், சீனப் பாண்டங்களை ஏற்றியிருந்தபோதும் அராபிய முறையிற் தைக்கப்பட்டது என அறிந்தது இவ்வாறுதான்.

முகர்ஜி எழுதிய காலத்தில் இச்சான்றுகள் எவையும் வெளிப்படவில்லை. 1926 இல் மலாயாவின் பகாங் மாநிலத்திற் பொந்தியான் ஆற்றருகே ஒரு கலத்தின் எச்சம் கிடைத்தது. பின்னர் செய்யப்பட்ட காபன் 14 காலக்கணிப்பு அதனை 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்டதாகக் காட்டிற்று. ஸ்ரீவிஜயத்தின் தலைநகராயிருந்த பலெம்பாங்கின் அயலில், சம்பிரெஜோ என்னுமிடத்தில் 1987 இல் பலகைகள் வெளிப்பட்டன. 2008 இல் யாவாவின் வடகரையில் ரெம்பாங்கை அடுத்த புஞ்சுல்ஹர்ஜோ ஊர் மக்கள் குளம் தோண்டியபோது கண்ட கலமே இவற்றுள் மிக முழுமையானது. ஏறத்தாழ 15 மீற்றர் நீளமான அதன் காதுகளும், வங்குகளும், ஈஜுக் கயிறும் சேற்றினுள் அழியாது கிடந்தன. அது 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளுக்குரியது. அஃதாவது பொரோபுதூருக்குச் சற்று முற்பட்டது. பிலிப்பைன்சின் மிண்டனாவோத் தீவிற் பூத்துவான் நகரில் 1976 முதல் அகழப்பட்ட கலங்களின் பலகை விளிம்புகளில், ஏறத்தாழ 12 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக மர ஆணிகள் இறக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 4ஆம் நூற்றாண்டினது என முதலிற் கூறப்பட்டது. அண்மைய கணிப்புகள் இக்கலங்களை 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கின்றன. யாவாக் கடலிற் சிரெபோனுக்கு வடக்கே 2003 இல் கண்டறியப்பட்ட 10ஆம் நூற்றாண்டுக் கலம் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமானது. அதுவும் காது கட்டும் மரபினதே.

நிலமும் கடலும் தந்த இச்சான்றுகளைச் சீன நூல்கள் உறுதி செய்கின்றன. 3ஆம் நூற்றாண்டுச் சீனர், தென்கடல் மக்களின் பெருங்கலங்களைப் ‘போ’ என்று குறிப்பிட்டு, அவற்றின் நீளம் இருநூறு சீன அடிக்கும் மேற்பட்டது என்றும், அறுநூறு, எழுநூறு பேரை அவை ஏற்றும் என்றும் எழுதினர். எண்கள் மிகையாயிருத்தல் கூடும். ஆனால் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹுய்லின் என்னும் பௌத்தத் துறவி தம் அகராதியில் எழுதிய குறிப்பு, கண்டவர் கூற்றுப் போலவே உள்ளது. இக்கலங்களிற் பணியாற்றுவோர் பெரும்பாலும் ‘குன்லுன்’ மக்கள். பலகைகளை நார்க்கயிற்றாற் பிணிப்பர். இரும்பு சூடேறித் தீப்பற்றும் என அஞ்சி இரும்பாணிகளைத் தவிர்ப்பர். பலகைகள் மெல்லியவாதலால் உடைந்துவிடாதிருக்கப் பல படைகளாக இடுவர் என்பது அவர் தரும் செய்தியின் சாரம். ‘குன்லுன்’ என்பது தென்கிழக்காசியக் கடலோர மக்களைக் குறித்த பெயர். தீப்பற்றும் என்ற காரணம் கரையில் நின்று கேட்டவரின் விளக்கமாதல் வேண்டும். ஆயின் இரும்பின்மையும், பல படைப் பலகையும், கலத்தை நடத்தியோர் யாவர் என்பதும் ஐயத்திற்கு இடமின்றிக் கூறப்பட்டுள்ளன. 671 இல் சீனாவிலிருந்து பாரசீகக் கலமொன்றில் ஸ்ரீவிஜயத்தை அடைந்த இத்சிங், அங்கிருந்து இந்தியாவை நோக்கிச் சென்றது அந்நாட்டு மன்னனின் கலத்திலேயாம். வங்கக் கடலைக் கடக்க அம்மன்னன் இந்தியக் கப்பலை எதிர்பார்த்திருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

பலபடைப் பலகை பற்றிய ஹுய்லினின் செய்தி எழுநூறு ஆண்டுகளின் பின் வேறொருவர் வாயிலாகக் கேட்கின்றது. 1511 இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அங்கு கண்ட பெருங்கலங்களைச் ‘சுங்கோ’ என எழுதினர். ஆங்கிலத்தில் ‘ஜங்க்’ என வழங்கி, இன்று சீனக் கலத்தையே குறிக்கும் சொல் இதுவேயாயினும், அன்று மலாக்காவில் அது யாவா, மலாய், பெகு நாட்டுக் கலங்களின் பெயராகும். அதன் மூலம் யாவா, மலாய் மொழிகளின் ‘ஜோங்’ என்பது. பெகுவின் தேக்கிற் கட்டிய ஜோங்குகள் மலாக்காவிற் சரக்கோடு விற்கப்பட்டதைத் தோமே பிரெசு குறித்துள்ளார். 1513 இல் யாப்பாராவின் பத்தி உனுசு மலாக்கா மீது படையெடுத்து வந்தபோது, அவனது ஜோங்கின் பலபடைப் பலகைகளைப் போர்த்துக்கேயரின் பீரங்கிக் குண்டுகளாற் துளைக்க இயலவில்லை என்று, எதிர்த்து நின்ற தளபதி அந்திராதே தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பகைவன் வாயாற் பெற்ற சான்று இதனினும் வேண்டுவதின்று.

அல்புகேர்க் இத்தச்சரின் திறனை நன்கு அறிந்திருந்தான். மலாக்காவை விட்டு நீங்கியபோது ஏறத்தாழ அறுபது யாவாக் கப்பற் தச்சரைத் தன்னோடு இந்தியாவுக்கு அழைத்துச் சென்றான். கொச்சியிற் கப்பல்களைப் பழுதுபார்ப்பதற்கு அவர் தேவைப்பட்டனர். அவர்களோ வழியிற் கிளர்ந்தெழுந்து, தாம் ஏறிய ஜோங்கைக் கைப்பற்றி, சுமாத்திராவின் பாசாய்த் துறைக்குத் திருப்பிச் சென்றனர். தென்கிழக்காசியக் கப்பற் கட்டுமானம் பற்றிய நூல்களிற் தச்சர் தம் விருப்பத்தோடு ஒரு செயல் செய்தவராகத் தோன்றும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

ஜோங்குகளின் பலகைகள் மர ஆணிகளால் மட்டுமே இணைக்கப்பட்டன. காதும் கயிறும் அவற்றில் மறைந்தன. காரணம் ஊகிக்கத்தக்கது. காது விட்டுச் செதுக்குவதற்குத் தடித்த மரம் வேண்டும். அம்மரத்தின் பெரும்பகுதி சீவலாகக் கழிந்துவிடும். கலம் பெரிதாகுந்தோறும் இவ்விழப்பும் பெருகும். கட்டுகளையும் காலத்துக்குக் காலம் அவிழ்த்துப் புதுக்கல் வேண்டும். எனினும் பழையது ஒழிந்து புதியது வந்தது என நேர்கோடு வரைதல் பிழையாகும். 1668 இல் விசாயத் தீவுகளைப் பற்றி எழுதிய இசுப்பானியப் பாதிரியார் அல்சினா, காதில் வங்கு கட்டிய கலங்களை விரிவாக வருணிக்கின்றார். கிழக்கு இந்தோனேசியாவின் லெம்பாத்தாத் தீவில், லாமலெரா ஊரவர் திமிங்கில வேட்டைக்குச் செலுத்தும் ‘தேனா’ என்னும் கலத்தில் இம்முறை 20ஆம் நூற்றாண்டிலும் வாழ்ந்தது. பேரரசுகளின் துறைமுகங்களில் மறைந்தது சிற்றூர்க் கரையில் எஞ்சியது. ஜோங்கோ 17ஆம் நூற்றாண்டில் அழிந்தது. மாத்தாராம் அரசு யாவாவின் வடகரை நகரங்களை அடக்கியமையும் (சுரபாயா 1625 இல் வீழ்ந்தது), ஒல்லாந்தக் கம்பனியின் தனியுரிமை வணிகமும் சேர்ந்து, அத்தகைய கலங்களைக் கட்டுவிக்கும் செல்வரை இல்லாமற் செய்தன.

இனிச் சொற்களை நோக்கலாம். மலாய் மொழியில் ஏரா ‘லுனாஸ்’, பலகை ‘பப்பான்’, மர ஆணி ‘பாசாக்’, பாய்மரம் ‘தியாங்’, பாய் ‘லாயார்’, துடுப்பு ‘டாயோங்’, பக்க மிதவை ‘காத்திர்’. இவை யாவும் ஒஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொற்கள். ‘லாயார்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், மடகாசுகரில் அது ‘லாய்’, பீஜியில் ‘லாதா’, தொங்காவில் ‘லா’, நியூசீலாந்து மவோரி மக்களிடம் ‘ரா’. ஆபிரிக்கக் கரையிலிருந்து பசிபிக்கின் தென்கோடி வரை ஒரே சொல் சென்றிருக்கின்றதெனின், அதனை ஏந்திச் சென்றது அச்சொல் குறித்த பாயே அன்றி வேறன்று. வங்குகளுக்கு மலாயர் இட்ட பெயர் ‘காடிங்-காடிங்’. ‘காடிங்’ என்பது யானைத் தந்தம். கலத்தின் உள்ளே வரிசையாக வளைந்து நிற்பவற்றைக் கண்டோர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். பிலிப்பைன்சில் ‘பலங்காய்’ என்ற கலத்தின் பெயரே அதில் வந்திறங்கிய சுற்றத்தின் பெயராகி, இன்று ‘பரங்காய்’ என அந்நாட்டின் மிகச்சிறிய ஆட்சிப் பிரிவைக் குறிக்கின்றது.

கலத்தின் உடலை விட்டு அதன் ஆட்சிக்கு வரும்போது சொற்கள் மாறுகின்றன. கலத்தலைவன் ‘நக்கோடா’, பாரசீகம். வழிகாட்டி ‘மாலிம்’, அராபு. மாலுமி ‘கெலாசி’, பாரசீகம். நங்கூரம் ‘ஜங்கார்’, ஒல்லாந்து. ஆயின் தொடக்கத்திலேயே இவ்வாறு இருந்ததில்லை. 7ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த ஸ்ரீவிஜயத்தின் தெலாகா பத்துச் சாசனத்திற் கலத்தலைவன் ‘புகாவாங்’ எனப்படுகின்றான். அது உள்நாட்டுச் சொல். 682ஆம் ஆண்டுக் கெடுக்கான் புக்கித் சாசனம், அரசன் ஏறிய கலத்தைச் ‘சாம்பாவ்’ என்று குறிக்கின்றது. சாசனத்தின் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. சமயச் சொற்கள் வடமொழி. கலத்தின் பெயரோ அந்நிலத்தது. வணிகத்தில் இசுலாமியர் செல்வாக்கு ஓங்கிய பின்னரே ‘நக்கோடா’ வந்து ‘புகாவாங்’கை அகற்றிற்று.

தமிழ் இவ்வரிசையில் எங்கு நிற்கின்றது? ‘கப்பல்’ என்ற தமிழ்ச் சொல் ‘காப்பால்’ என மலாயிற் புகுந்தமை பலரும் அறிந்தது. அதனைக் கொண்டு, கப்பல் கட்டும் கலையையே தமிழர் கற்பித்தனர் என்பாரும் உளர். அச்சொல்லோடு சேர்ந்து சென்றவற்றையும் நோக்கல் வேண்டும். கடை ‘கெடாய்’ ஆயிற்று. முதல் ‘மோடால்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. இவை வணிகனின் சொற்கள். ஏரா, வங்கு, அணியம் என்னும் ஓடாவியின் சொற்களுள் ஒன்றேனும் மலாயின் கலச்சொற்களிடையே வேரூன்றவில்லை. சரக்கோடு துறைக்கு வந்த கலத்தையே ‘காப்பால்’ குறித்தது. தச்சுப் பட்டறைக்குள் அச்சொல் நுழையவில்லை. சுமாத்திராவின் பாருசில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088 இல் பொறித்த தமிழ்ச் சாசனம் மரக்கலநாயனைக் குறிப்பிட்டு, அவன் பொன்னாகச் செலுத்தவேண்டியதை விதிக்கின்றது. தமிழர் அக்கரையிற் பெற்றிருந்த இடம் எத்தகையது என்பதற்கு இதுவே நேர்ச்சான்று. அது சிறிய இடமன்று. ஆயின் தச்சரது இடமுமன்று.

கடல்வழி இரு திசையிலும் செல்வது என்பதை ஈழத்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலாய்க் குடாநாட்டின் தாம்பிரலிங்க அரசன் சந்திரபானு 1247 இல் படையோடு இத்தீவில் இறங்கினான்; முதலிற் தோல்வியுற்றும், பின்னர் வடபகுதியிற் சில காலம் ஆட்சி செலுத்தினான். அவனுடைய சாவகர் படையின் நினைவே சாவகச்சேரி என்ற பெயரில் நிற்கின்றது என்பர். கீழ்க்கரையிலிருந்து ஒரு படையை இக்கரை சேர்க்கும் கலங்கள் அம்மக்களிடம் இருந்தன.

இக்கலையின் உயிருள்ள கிளையைத் தென் சுலாவெசியிற் காணலாம். ஆரா, தானா பெரு, லெமோ-லெமோ ஆகிய ஊர்களின் கொஞ்சோ மொழித் தச்சர் வரைபடமின்றிப் பெருங்கலங்களைக் கட்டுகின்றனர். ஒவ்வொரு பலகைக்கும் பெயரும் இடமும் உண்டு. ‘தத்தா தல்லு’, அஃதாவது ‘மூன்று வெட்டு’ எனப்படும் பலகை ஒழுங்கை நினைவிற் கொண்டவன், ஒரு மர ஆணி மற்றொன்றோடு மோதாதவாறு எங்கே இறங்கும் என்பதையும் முன்னரே அறிவான். ஏராவை வெட்டும் நாளில் முன்துண்டு கடலில் எறியப்படுகின்றது. பின்துண்டு வீட்டிற்கு எடுத்துச் செல்லப்படுகின்றது. கடலோடுபவனும் அவனுக்காகக் காத்திருப்பவளும் அவை எனக் கூறுவர். கலம் கடலில் இறங்குமுன் ஏராவின் நடுவில் ‘தொப்புள்’ துளைக்கும் சடங்கும் உண்டு. இவர்களின் பெயர்பெற்ற ‘பினிசி’ என்பது உண்மையிற் பாய்களின் அமைப்பையே குறிக்கும். அது ஐரோப்பியக் கலங்களைக் கண்டு 19ஆம் நூற்றாண்டளவில் உருவானது. 1970களின் பின் பாயின் இடத்தை இயந்திரம் பிடித்தது. ஆயினும் பலகையை முதலிற் பொருத்தி வங்கினைப் பின்னர் இடும் ஒழுங்கு மாறவில்லை. 2017 இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

தலைமைத் தச்சனுக்கு இங்கு வழங்கும் பெயர் ‘பன்ரித்தா லொப்பி’. ‘பன்ரித்தா’ என்பது ‘பண்டித’ என்னும் வடசொல்லே. ‘லொப்பி’ என்பது அவர்களுடைய சொந்தச் சொல். கலம் என்பது பொருள். மலாயிற் ‘காப்பால்’ இன்று இரும்புக் கப்பலையும், ‘தெர்பாங்’ என்ற அடையோடு ஆகாய விமானத்தையும் குறிக்கின்றது. தானா பெருவின் மணற்கரையில் மர ஆணி இறக்குவோர், தம் கையால் ஆவதை இன்றும் ‘லொப்பி’ என்றே கூறுகின்றனர்.